பின்சக்கரத்துக் கம்பி அறுந்தால்...



இம்மாதம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்று வியப்பைத் தரலாம். மதரஸாவில் பாடம் நடத்துகிறவருக்கு மிதிவண்டிச் சக்கரத்தைப் பற்றி எழுத என்ன தேவை வந்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். பொறுமையோடு படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசலில் ஒரு பேட்டரி சைக்கிள் நிற்குமானால், அதன் பின்னிருக்கையில் உங்கள் பிள்ளையோ பேத்தியோ உட்கார்ந்து செல்வதுண்டு என்றால், இது உங்களுக்கான செய்திதான்.

சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டுப் பக்கம் செல்லும் சாலைகளை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேற்கே கீழ்மலைத் தொடர், இருபுறமும் தென்னந்தோப்புகள், இளநீர்க் குலைகளை ஏற்றிக்கொண்டு விரையும் வண்டிகள், மழை பெய்து ஓய்ந்தால் ஆங்காங்கே குழிகள். இந்தச் சாலையில் நாள்தோறும் போக வர 20 கிலோ மீட்டர் ஓட்டுவதற்காகப் பின்சக்கரத்தில் மோட்டார் பொருத்திய ஒரு மின்சார மிதிவண்டியை வாங்கினேன். பெட்ரோல் செலவு இல்லை. மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்கும் உட்பட்டிருப்பதால், உரிய சான்று பெற்ற அத்தகைய வண்டிக்கு ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவும் தேவையில்லை. காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மதரஸாவுக்குச் செல்வேன். மாலையில் அவளை அழைத்துக்கொண்டு வீடு திரும்புவேன். இல்லத்தாருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி.

ஏழாம் மாதத்தில்தான் முதற்கம்பி அறுந்தது.

எங்கள் ஊர்ப் பழைய சைக்கிள் கடைக்குத் தள்ளிச் சென்றேன். அறுபதைக் கடந்தவர் அந்தக் கடைக்காரர். என் அத்தாவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். அறுந்த கம்பியை மாற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ஒவ்வொரு கம்பியாக விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பாய், அறுந்ததை மாத்திட்டேன். ஆனா மத்த கம்பி எல்லாம் தொளதொளன்னு இருக்கு. வண்டியை ஒரு நாள் விட்டுட்டுப் போங்க. எல்லாத்தையும் ஒரே சீரா இறுக்கித் தர்றேன்."

"மதரஸாவுக்கு நேரமாகிறது அண்ணே, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று கூறிவிட்டு வந்துவிட்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. மூன்று வாரங்களில் இரண்டாவது கம்பி அறுந்தது.

இங்கேதான் நான் தவறினேன், வாசகர்களே! சிந்திக்க வேண்டிய நேரத்தில் சந்தேகப்பட்டேன். "மட்டமான கம்பியைப் போட்டுவிட்டார்; திரும்பத் திரும்பப் போனால்தானே அவருக்கு வரும்படி" என்று தேநீர்க் கடையில் நாலுபேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன். பிறர் மீது தவறான எண்ணம் கொள்ளாதீர் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற நாவுதான் அதையும் பேசியது. பிறகு வெளியூர்க் கடை ஒன்றில் வண்டியைக் கொடுத்தேன். "இதைவிடத் தடித்த கம்பி போட்டால் அறவே அறாது" என்று கூறி, ஒரே ஒரு தடித்த கம்பியைப் போட்டு விறைப்பாக முறுக்கிக் கொடுத்தார்கள். மனநிறைவோடு வந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை. மகள் பின்னால் அமர்ந்திருந்தாள்.

"அத்தா, ஏதோ டிக் டிக்னு சத்தம் கேக்குது."

"அது சங்கிலிச் சத்தம்மா, ஒன்றுமில்லை."

ஒன்றுமில்லை என்ற சொல் வாயில் இருக்கும்போதே 'டங்' என்று ஓர் ஓசை. தொடர்ந்து மற்றோர் ஓசை. வண்டி இடமும் வலமும் ஆடியது. பிள்ளை அலறினாள். அறுந்த கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு, சுழலும் வேகத்தில் அவள் காலணியின் வாரை அறுத்துக் கணுக்காலைக் கீறிவிட்டது. கால் இன்னும் சற்று உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒரு தகப்பனின் உள்ளத்தோடு எண்ணிப் பாருங்கள்! கீறலோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

சக்கரம் பிரேக் கட்டையில் உரசி உருள மறுத்தது. பின்பக்கத்தைத் தூக்கியும் தள்ளியும் ஊர் வந்து சேர்ந்தபோது வழியில் திறந்திருந்தது, நான் பழி சொன்ன அதே கடைதான்.

அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை. முதலில் பிள்ளையின் காலைப் பார்த்தார். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கழுவச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுட்டு வாங்க பாய், வண்டி இங்க கிடக்கட்டும்" என்றார். நான் திரும்பி வந்தபோது சக்கரம் கழற்றப்பட்டுக் கிடந்தது. அவர் என்னை அருகே அழைத்துக் காட்டினார். தாம் போட்ட கம்பி புதுமெருகு மாறாமல் அப்படியே நின்றது! அறுந்தவை எல்லாம் வண்டியோடு வந்த பழைய கம்பிகள். வெளியூரில் போட்ட தடித்த கம்பி ஒன்று மட்டும் விறைத்து நிற்க, அதன் பக்கத்திலிருந்த இரண்டும்தான் அறுந்து தொங்கின.

எனக்கு நா எழவில்லை.

கம்பி தாங்குவது எப்படி?

நான் கலைப் பட்டதாரி. இயந்திர நூல் கற்றவன் அல்லன். அன்றைய வெட்கத்தினால்தான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்தறிந்ததையும் அந்தக் கடைவாசலில் உட்கார்ந்து கேட்டறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பாட்டனார் காலத்து மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைவுகூருங்கள். நடுவே மரக்குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சூழ்ந்த வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டை. அந்த ஆரக்கால்கள் தூண்களைப் போன்றவை. சுமை மேலிருந்து அழுத்த, கீழேயுள்ள கால் தாங்கி நிற்கும்.

சைக்கிள் கம்பியோ தூண் அன்று. அது கயிற்றைப் போன்றது. கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? மெல்லிய கம்பியும் அப்படித்தான். இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் வரை அதற்கு வலிமை. தளர்ந்துவிட்டால் அது வெறும் கம்பி. இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1808ஆம் ஆண்டிலேயே இவ்வகைச் சக்கரத்தை எண்ணிப் பார்த்தார். பாரிஸ் நகரின் யூஜின் மேயர் 1869இல் கம்பிச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். கம்பிகளை நடுவை நோக்கி நேராக விடாமல், சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார். இன்று நம் தெருக்களில் ஓடும் சைக்கிள்களின் பின்சக்கரங்கள் பெரும்பாலும் அந்தப் பின்னல்தான்.

சக்கரத்திற்குள்ளேயே மோட்டாரை வைப்பதும் புதுமை என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர், பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் அமைந்த மிதிவண்டிக்கு 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்!

நன்கு கட்டப்பட்ட சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும், ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போல இழுபட்டு நிற்கக்கூடும். சக்கரம் தரையைத் தொடும் இடத்திலுள்ள கம்பிகளின் இழுப்பு மட்டும் சுமையினால் சற்றுக் குறைகிறது. அவை சுழன்று மேலே சென்றதும் பழைய இழுப்பு திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு கம்பிக்கும் இந்த ஏற்றமும் இறக்கமும் உண்டு. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோ மீட்டருக்கு ஏறக்குறைய 480 முறை சுற்றும். நாளொன்றுக்கு 20 கிலோ மீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிடுங்கள். 30 லட்சத்தை நெருங்குகிறது!

கம்பி போதிய இறுக்கத்தோடு இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைப் பல்லாண்டு தாங்கும். தளர்ந்திருந்தாலோ கீழே வரும்போது முற்றிலும் தொய்ந்து, மேலே போகும்போது வெடுக்கென்று இழுபடும். குடத்தின் துளையில் மாட்டியிருக்கும் வளைந்த கழுத்து ஒவ்வொரு முறையும் சிறிது அசையும். வீட்டில் கட்டுக்கம்பியை எப்படி ஒடிக்கிறீர்கள்? இப்படியும் அப்படியும் வளைத்துத்தானே? அதே கதைதான். எனவே, 'இறுக்கினால் அறுந்துவிடும்' என்று அஞ்சித் தளர்வாக விடுவதே கம்பியை அறுக்கிறது.

பின்சக்கரம் மட்டும் ஏன்?

முதற்காரணம் சுமை. ஓட்டுநரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மீதே விழுகிறது. அதோடு கேரியரில் இருப்பவரின் எடை முழுவதும் அங்கேதான். பல வண்டிகளில் பேட்டரியும் பின்னால்தான். வண்டியோடு வந்த கையேட்டில், ஏற்றக்கூடிய எடை 100 கிலோ என்று அச்சிட்டிருந்தது. நானும் மகளும் புத்தகப் பைகளுமாக அதைத் தாண்டியிருந்தோம். அந்தக் கையேட்டை நான் பிரித்ததே இல்லை!

இரண்டாவது, மோட்டாரின் உந்துதல். நின்ற வண்டியை மோட்டார் இழுக்கும்போது குடம் முன்னோக்கித் திருகுகிறது. பாதிக் கம்பிகள் இறுகுகின்றன, மீதி தளர்கின்றன. மிதிக்காமலே விசையைத் திருகிக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இதுவே நடக்கிறது.

மூன்றாவது, அமைப்பு. மோட்டார் குடம் பெரியது. ஆகவே கம்பி குட்டையானது. அதிகக் குறுக்குப் பின்னலிட்டால், ரிம்மைச் சேரும் இடத்தில் கம்பி வளைந்து நுழைய நேரும். வலப்பக்கத்தில் பல்சக்கரத்திற்கு இடம்விட வேண்டியிருப்பதால், இருபக்கக் கம்பிகளின் சாய்வும் இறுக்கமும் ஒன்றுபோல் அமைவதில்லை.

அறுந்த இடமே காரணத்தைச் சொல்லும் என்றார் கடைக்காரர். குடத்தருகே கழுத்தில் அறுந்தால் பெரும்பாலும் தளர்வு, அல்லது கம்பியை விடத் துளை பெரிது. ரிம்முக்கு அருகே மரையில் அறுந்தால் கம்பி கோணலாக நுழைகிறது. நடுவில் அறுந்தால் வெளியிலிருந்து அடிபட்டிருக்கிறது. என் வண்டியின் கம்பிகள் நான்குமே கழுத்தில் அறுந்தவை.

வழியில் அறுந்தால் செய்ய வேண்டியவை

முதலில் நிறுத்துங்கள். பின்னால் இருப்பவரை இறக்கிவிடுங்கள். பேட்டரியின் விசையை அணைத்த பிறகே சக்கரத்தில் கை வையுங்கள். அறுந்த கம்பியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் ஆபத்து. பின்சக்கரம் பிரேக் கட்டையில் உரசினால் அந்தப் பிரேக்கைச் சிறிது தளர்த்தலாம். ஆனால் முன்பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்க்காமல் ஏறாதீர்கள். அறுந்தது ஒரே ஒரு கம்பி, சக்கரமும் ஆடவில்லை என்றால், ஒருவர் மட்டும் மெதுவாக மிதித்து அருகிலுள்ள கடைக்குச் செல்லலாம். அடுத்தடுத்து இரண்டு அறுந்திருந்தால் தள்ளிக்கொண்டே செல்லுங்கள். நேரம் போனால் போகட்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

சக்கரத்தைக் கழற்றுமுன் மோட்டாருக்குச் செல்லும் ஒயரின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். அச்சின் இருபுறமும் உள்ள வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று பார்த்து வைக்க வேண்டும். அவற்றுள் நாக்கு போன்ற முனையுள்ள வாஷர், மோட்டாரின் உந்துதலால் அச்சே திருகிவிடாமல் தடுப்பது. அதை விட்டுவிட்டால் அச்சு சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும்.

கம்பி வாங்கும்போது, அதே பக்கத்திலுள்ள நல்ல கம்பி ஒன்றைக் கழற்றி அளவு காட்டுங்கள். இரு பக்கமும் ஒரே நீளம் என்று எண்ணிவிடாதீர்கள். தடிமனை எண்ணால் சொல்வார்கள். 14ஆம் எண் 2 மில்லி மீட்டர். 13ஆம் எண் 2.3, 12ஆம் எண் 2.6. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். தடித்ததே சிறந்தது என்பது மயக்கம். மெல்லிய கம்பி போதிய அளவு நீண்டு இழுபட்டு நிற்பதால், சுமை வந்து சிறிது குறைந்தாலும் முற்றிலும் தொய்வதில்லை. தடித்த கம்பியை அந்த நிலைக்கு இழுக்க வேண்டுமானால் ரிம் வெடிக்கும் அளவுக்கு முறுக்க வேண்டியிருக்கும். துளை பெரிதாக இருந்தால் கம்பியின் தலைக்கடியில் சிறு வாஷர் இடுவது உண்டு.

ஒரு கம்பி அறுந்தால் அதை மாற்றி, மற்றவற்றையும் சீராக இறுக்கச் சொல்லுங்கள். மூன்றாவதும் அறுந்துவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிராதீர்கள். எல்லாக் கம்பிகளும் அதே லட்சக்கணக்கான சுற்றுகளைச் சுற்றியவைதாமே? அறுந்தவை முந்திக்கொண்டன, மற்றவை வரிசையில் நிற்கின்றன. 36 கம்பிகளையும் புதிதாகப் போட்டுச் சக்கரத்தைப் புதிதாகக் கட்டுவதே சிக்கனம்.

என் வண்டிக்கும் அதையே செய்தார். மறுநாள் காலை தொடங்கி நண்பகல் வரை ஆயிற்று. 13ஆம் எண் கம்பிகளைக் கோத்து, நிப்பிள்களை ஒரே அளவாகத் திருகி, பின் கால்சுற்று அரைச்சுற்றாகத் திருகிக் கோட்டம் எடுத்தார். இடையிடையே பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்தி அவற்றைப் படியவைத்தார். இறுதியில் கம்பிகளை மீட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தன! முன்பு அந்தச் சக்கரம் ஒரு கம்பிக்கு ஒரு குரலாகப் பேசியது. "நூறு இருநூறு கிலோ மீட்டர் ஓடினதும் கொண்டு வாங்க பாய். புதுக் கம்பி கொஞ்சம் இளகும், இன்னொரு தடவை பார்த்து இறுக்கணும்" என்றார். கம்பிகளின் விலையை விட அவருடைய கூலி அதிகம்; அதுவே நியாயமும் கூட.

பணத்தைக் கொடுக்கும்போது சொன்னேன்: "அண்ணே, உங்களைப் பற்றி நான் தவறாகப் பேசிவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்."

"காதுல விழுந்துச்சு பாய்" என்றார், கையைத் துணியில் துடைத்தவாறே. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்."

அது அவருக்குப் போதுமாக இருக்கலாம். எனக்குப் போதாது. நான் பழி சொன்னது அவரிடம் அன்று. தேநீர்க் கடையில் நாலுபேர் முன்னிலையில். ஆகவே மறுநாள் அதே தேநீர்க் கடையில், அதே மனிதர்கள் இருக்கும் நேரம் பார்த்துச் சென்று, "நான் சொன்னது தவறு; அவர் சொன்னதைக் கேட்காததுதான் குற்றம்" என்று கூறிவிட்டு வந்தேன். சொல்ல எழுந்தபோது கால்கள் சற்றுத் தயங்கின என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி அனுப்பும் தாய்மார்களே! பின்சக்கரத்தின் இருபுறமும் துணியும் காலும் நுழையாதபடி தடுப்பு வலை பொருத்தச் சொல்லுங்கள். கால் வைக்கும் படி கட்டாயம் இருக்கட்டும். புர்காவின் ஓரத்தையும் துப்பட்டாவின் நுனியையும் ஒதுக்கிக்கொண்ட பிறகே வண்டி புறப்படட்டும். கையேட்டில் உள்ள எடை அளவைப் பாருங்கள். பின்னிருக்கையில் ஆள் ஏற்ற அந்த வண்டி உரியதுதானா என்பதையும் பாருங்கள். மாதம் ஒரு முறை கம்பிகளைத் தட்டிப் பார்ப்பதும் டயரில் காற்றை அழுத்திப் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சக்கரத்தையும் வதைக்கும், சட்டத்தையும் மீறும்.

எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. இதுவரை ஒரு கம்பியும் அறவில்லை. ஆயினும் மகள் இப்போது கேரியரில் அமர்வதில்லை. எடைக் கணக்கு தெரிந்தபின் அவளைப் பள்ளிப் பேருந்தில் அனுப்புகிறோம். சில விடுமுறை நாட்களில் அவளே சாவியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைவாசலில் நிற்கிறாள். கம்பியை மீட்டி, "அத்தா, இது மட்டும் வேற மாதிரி கேக்குது" என்கிறாள். இப்போதெல்லாம் நான் 'ஒன்றுமில்லை' என்று சொல்வதில்லை. குனிந்து பார்க்கிறேன்.

நீங்களும் இன்று மாலை உங்கள் வண்டியின் பின்சக்கரத்தை ஒரு முறை சுழற்றிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.